முகக்கவரியின் விலையை யார் நிர்ணயிப்பது?

பெருந்தொற்றுக் காலத்தில் அரசாங்கமும் சந்தையும்: ஏறக்குறைய 700 ஆண்டு வழக்கு

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. இரண்டே நாளில், மார்ச் 20ஆம் தேதி, மூன்றடுக்கு முகக்கவரியின் உச்ச விலை 80 காசிலிருந்து 2 வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. முகக்கவரி ஏற்றுமதிக்கும் அதே நாளில் தடை வந்தது. ஏப்ரல் முதல் தேதி விலை 1 வெள்ளி 50 காசாகக் குறைந்தது. ஆகஸ்டில் 1 வெள்ளி 20 காசு. நவம்பரில் 1 வெள்ளி.

நோய் வந்த நேரத்தில் அரசாங்கமே விலையை ஏற்றலாமா என்று கேட்டவர்கள் பலர். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கும் குடும்பம், ஒரு நாளைக்கு நான்கு முகக்கவரிக்கு 8 வெள்ளியை எங்கிருந்து கொடுக்கும் என்பது அவர்களின் கேள்வி. அதில் நியாயம் இருந்தது. ஆனால் மறுபக்கத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. 80 காசு என்பது அரசாங்கத்தின் விலைப் பட்டியலில் இருந்தது. கடையில் முகக்கவரி இருந்ததா? இல்லாத பொருளுக்குக் குறைந்த விலை நிர்ணயிப்பதால் யாருக்கு என்ன பயன்?

அண்டை நாடான சிங்கப்பூர் வேறொரு வழியில் போனது. 2020 ஜனவரி 30ஆம் தேதி, வீட்டுக்கு 4 முகக்கவரிகள் வீதம் 13 லட்சம் குடும்பங்களுக்கு 52 லட்சம் முகக்கவரிகளை இலவசமாக வழங்கப்போவதாக அது அறிவித்தது.

ஒரே பொருள், அதைச் சுற்றி மூன்று வழிகள். விலையை உயரவிடுவது, விலையைக் கட்டுப்படுத்துவது, அரசாங்கமே கொடுப்பது. இவற்றுள் எது சரி என்ற வழக்கு 2020இல் தொடங்கியதன்று. பிளேக், காலரா, இன்ஃபுளுவென்சா என்று ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் அது மனிதகுலத்தின் முன் வந்து நின்றிருக்கிறது.

ஈயம் சொன்ன பாடம்

தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்களின் வாதத்தை முதலில் அவர்கள் தரப்பிலிருந்தே கேட்பதுதான் முறை.

ஆஸ்திரியாவில் பிறந்த பொருளாதார மேதை ஃபிரெட்ரிக் ஹயக் 1945ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். விலை என்பது என்ன வேலை செய்கிறது என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், மலேசியத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஒரு பொருள்: ஈயம். உலகில் எங்கோ ஓரிடத்தில் ஈயத்துக்குப் புதிய தேவை ஏற்படுகிறது, அல்லது ஏதோ ஒரு சுரங்கம் நின்றுபோகிறது. காரணம் என்னவென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. விலை ஏறுகிறது, அவ்வளவுதான். ஈயத்தைப் பயன்படுத்துகிறவர்கள் சிக்கனமாகிறார்கள். மாற்றுப் பொருள் உள்ளவர்கள் அதற்கு மாறுகிறார்கள். எந்த அதிகாரியும் உத்தரவு போடாமலே ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் நடக்கிறார்கள்.

விலை என்பது ஒரு செய்தி என்பதே ஹயக்கின் கருத்து. அந்தச் செய்தியை அடக்கிவிட்டால், எங்கே என்ன குறைகிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு நாட்டின் தேவைகள் அனைத்தையும் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிந்துகொள்ள எவராலும் முடியாது.

அவருக்கு முன்பே, 1776இல், ஆடம் ஸ்மித் தம் நூலில் தானிய வணிகத்தைப் பற்றி இதையொத்த கருத்தைச் சொல்லியிருந்தார். விளைச்சல் குறைவால் வரும் தட்டுப்பாட்டைப் பஞ்சமாக மாற்றுவது பெரும்பாலும் அரசாங்கத்தின் தவறான தலையீடே என்றார். 1770ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தைக் கூட, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அரிசி வணிகத்தின்மீது விதித்த கட்டுப்பாடுகளோடு அவர் தொடர்புபடுத்தினார்.

ஆனால் அதே ஸ்மித் அதே நூலில் மற்றொன்றையும் எழுதினார். தொழுநோய் போன்ற ஒரு நோய் மக்களிடையே பரவாமல் தடுப்பது அரசாங்கம் மிகுந்த அக்கறையோடு செய்ய வேண்டிய கடமை என்றார். ஹயக்கும், நோய், விபத்து போன்றவற்றுக்கு அரசாங்கம் காப்புறுதி ஏற்பாடு செய்ய உதவுவதை 1944இல் ஆதரித்தே எழுதினார். ஒருவர் செய்யும் செயலின் பாதிப்பு அக்கம்பக்கத்தார் தலையில் விழுமானால் அங்கே அரசாங்கத்துக்கு வேலை உண்டு என்று 1962இல் மில்டன் ஃபிரீட்மன் ஒப்புக்கொண்டார். தொற்றுநோயைவிட இதற்குப் பொருத்தமான உதாரணம் வேறில்லை.

ஆக, சந்தைக் கொள்கையின் மூத்தோர் எவரும் 'நோய் வந்தால் அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்' என்று சொல்லவில்லை. எங்கே தலையிட வேண்டும், எங்கே கூடாது என்பதுதான் வழக்கு.

கூலியைக் கட்டிப்போட்ட மன்னர்

1348ஆம் ஆண்டு கறுப்புச் சாவு என்றழைக்கப்பட்ட பிளேக் நோய் இங்கிலாந்தை அடைந்தது. மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என்பது வரலாற்று அறிஞர்கள் கணிப்பு. வயலில் வேலை செய்ய ஆளில்லை. உயிர் பிழைத்த கூலியாட்கள் இரண்டு மடங்கு கூலி கேட்டார்கள். சந்தையின் நியாயப்படி அது கிடைத்திருக்க வேண்டும்.

ஆனால் 1349இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் ஓர் ஆணையும், 1351இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் கொண்டுவந்தன. நோய்க்கு முன்பு, 1346இல் இருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. கூப்பிட்ட வேலைக்கு வர மறுப்பவருக்குச் சிறை. உணவுப் பொருளை நியாய விலையில் விற்க வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. எனினும் சட்டத்தின் பாரம் முழுவதும் கூலியாட்கள் முதுகிலேயே விழுந்தது. சட்டம் செய்தவர்கள் நிலக்கிழார்கள் அல்லவா!

சட்டம் முழுமையாக வெல்லவில்லை. திருட்டுத்தனமாகக் கூலி உயர்ந்துகொண்டே வந்தது. மனக்குமுறலோ அடங்கவில்லை. தலைவரியும் சேர்ந்துகொள்ள, 1381இல் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது.

சந்தை ஆதரவாளர்கள் இந்த வரலாற்றை விரும்பிச் சொல்வதில் வியப்பில்லை. விலைக் கட்டுப்பாடு என்றாலே ஏழைக்கு நன்மை என்ற எண்ணத்தை இது உடைக்கிறது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கட்டுப்பாடு உதவும் என்பது இதன் பாடம்.

தாது வருஷம்

ஆனால் கதையின் மறுபக்கத்தைத் தமிழர்கள் தங்கள் உடம்பாலேயே அறிவார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். அப்போது இந்தியாவின் ஆளுநர் நாயகமாக இருந்த லிட்டன் பிரபு, தானிய விலையில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். விலை ஏறினால் தானியம் தானே வந்து சேரும் என்பது கொள்கை. தானியம் வந்தது, வாங்கப் பணம்தான் மக்களிடம் இல்லை. அவர்கள் கண் முன்னேயே தானியம் கப்பலேறி வெளியூர் போனது. நிவாரண வேலை செய்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் கொடுக்கப்பட்ட தானியம் நாளொன்றுக்கு ஒரு ராத்தல். பட்டினி முதலில் வந்தது. காலராவும் பெரியம்மையும் பின்னாலேயே வந்தன. பல லட்சம் பேர் மாண்டனர். பிழைத்தவர்களில் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர்.

விலை செய்தி சொல்லும் என்பது உண்மை. ஆனால் கையில் காசு உள்ளவரின் தேவையை மட்டுமே அது சொல்லும். மடியில் காசில்லாதவரின் பசி சந்தையின் காதில் விழுவதில்லை.

ஒரு தெரு, இரண்டு விதி

அரசாங்கம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஹாம்பர்க் 19ஆம் நூற்றாண்டில் தன்னைத்தானே ஆண்டுகொண்ட துறைமுக நகரம். ஆட்சி வணிகர்கள், வழக்கறிஞர்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் கையில் இருந்தது. வாணிபம் தடைபடக் கூடாது, வரி கூடக் கூடாது என்பவையே அவர்களின் தாரக மந்திரம். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டார்கள். வடிகட்டும் நிலையம் கட்டுவதற்கான செலவை யார் ஏற்பது என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது. ஹாம்பர்க்கை ஒட்டியிருந்த அல்டோனா நகரமோ பிரஷ்ய ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கே மணல் வடிகட்டி இருந்தது.

1892 ஆகஸ்டில் காலரா வந்தது. முதல் நோயாளிகள் தென்பட்ட பிறகும், அதிகாரிகள் அதை வெளிப்படையாக அறிவிக்க ஏறக்குறைய ஒரு வாரம் தயங்கினார்கள். காலரா என்ற சொல் வெளியே போனால் துறைமுகம் மூடப்படும், கப்பல்கள் நின்றுவிடும். அந்த ஒரு வாரத்தில் நோய் குழாய் வழியே வீடு வீடாகப் போனது. பெர்லினிலிருந்து அனுப்பப்பட்ட மருத்துவ மேதை ராபர்ட் கோக் வந்து சேர்ந்தபோது நகரம் பிணக்காடாகிக்கொண்டிருந்தது. சில வாரங்களில் மாண்டவர்கள் 8,600க்கும் மேல். அவர்களில் ஏழைகளே மிகுதி. இரு நகரங்களின் எல்லையாக இருந்த தெருவில், ஹாம்பர்க் நீர் குடித்த பக்கத்தில் காலரா. அல்டோனா நீர் குடித்த பக்கத்தில் அது இல்லை எனலாம்.

வாணிபமாவது பிழைத்ததா? இல்லை. ஹாம்பர்க் கப்பல் என்றாலே உலகத் துறைமுகங்கள் கதவை அடைத்தன. குடியேறிகளை ஏற்றி வரும் கப்பல்களை 20 நாள் தனிமைப்படுத்த அமெரிக்க அதிபர் ஹாரிசன் உத்தரவிட்டார். ஒரு வார வருமானத்தைக் காப்பாற்றப் போய்ப் பல மாத வருமானத்தை ஹாம்பர்க் இழந்தது. அதுவரை செலவு அதிகம் என்று சொல்லப்பட்ட வடிகட்டும் நிலையம் அடுத்த ஆண்டே இயங்கத் தொடங்கியது.

சுத்தமான குடிநீரை ஒருவர் தமக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். ஊரில் காலரா இல்லாத நிலையைத் தனியாக யாரும் வாங்க முடியாது. ஸ்மித் சொன்ன அரசாங்கக் கடமை தொடங்கும் இடம் இதுதான்.

மலாயாவில் சளிக்காய்ச்சலும் அரிசியும்

1918இல் இன்ஃபுளுவென்சா மலாயாவுக்கும் வந்தது. தீபகற்பத்தில் ஏறக்குறைய 35,000 பேர் மாண்டிருக்கலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. நெருக்கமான லயன் வீடுகளில் வாழ்ந்த தோட்டப் பாட்டாளிகளிடையே சாவு கடுமையாக இருந்தது.

காய்ச்சல் ஓயுமுன்பே அடுத்த இடி விழுந்தது. இந்தியாவில் 1918ஆம் ஆண்டுப் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதியை இந்திய அரசாங்கம் கட்டுப்படுத்தியது. 1919இல் சயாமும் அரிசி ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. ரப்பரும் ஈயமும் விற்று, உண்ணும் அரிசியை வெளியிலிருந்து வாங்கி வாழ்ந்த நாடு மலாயா. கையில் ரப்பர் இருந்தது. உலையில் போட அரிசி இல்லை.

சுங்கமில்லாத் துறைமுகம் என்று பெருமை பேசிய அதே காலனி நிர்வாகம், அரிசியைத் தானே வாங்கி, அடக்க விலைக்கும் கீழே விற்றது. தோட்டங்களில் உணவுப் பயிர் வளர்க்கச் சொன்னது. அதில் பெரும் நட்டம் ஏற்பட்டது. ஆனால் நட்டத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தால் தோட்டங்களில் பால் வெட்ட ஆளிருந்திருக்காது. இது தருமம் மட்டுமன்று, கணக்கும்கூட என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தார்கள்.

ஏற்றுமதித் தடை என்ற ஆயுதத்தைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 1919இல் அரிசிக்குத் தடை விதித்த ஒவ்வொரு நாடும் தன் மக்களைக் காப்பதாகவே எண்ணியது. 2020இல் முகக்கவரிக்குத் தடை விதித்த நாடுகளும் அப்படித்தான். எல்லாரும் கதவை அடைத்தால், வெளியில் நிற்பது அடுத்தவர் மட்டுமல்லர். தன் வீட்டில் விளையாத பொருளுக்கு ஒவ்வொருவரும் வெளியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கேமரன் மலையின் முட்டைக்கோஸ்

2020ஆம் ஆண்டுக்குத் திரும்பினால், ஹயக்கின் எச்சரிக்கை மெய்ப்பட்ட காட்சிகள் பல உண்டு.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது எவை அத்தியாவசியத் தொழில்கள் என்று மலேசிய அரசாங்கம் பட்டியல் போட்டது. உணவு அந்தப் பட்டியலில் இருந்தது. ஆயினும் முதல் சில நாள்களில் கேமரன் மலையில் டன் கணக்கில் காய்கறிகள் வீசப்பட்டன. இரவுச் சந்தைகள் மூடிக்கிடந்தன. தங்கும் விடுதிகள் வாங்கவில்லை. மொத்தச் சந்தைகளின் நேரமும் போக்குவரத்தும் குறைந்தன. மலையில் முட்டைக்கோஸ் அழுகியது. பட்டணத்தில் இல்லத்தரசிகள் காய்கறிக்கு அலைந்தார்கள். அரசாங்கத்துக்குக் கெட்ட எண்ணம் இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. ஒரு முட்டைக்கோஸ் செடியிலிருந்து சட்டிக்கு வர எத்தனை கைகள் மாற வேண்டும் என்பது எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை.

முடிதிருத்தும் நிலையங்களின் கதையும் அப்படியே. 2020 ஏப்ரலில் அவற்றைத் திறக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. மலேசியாவில் அந்தத் தொழிலில் இந்தியர்கள் கணிசமாக உள்ளனர். கடை வாடகை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்தது.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய பிழை நடந்தது. 2020 பிப்ரவரியில் மத்திய நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அனுப்பிய பரிசோதனைக் கருவிகள் பழுதாக இருந்தன. தனியார், பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள் சொந்தமாகப் பரிசோதிக்க முன்வந்தும், அனுமதி விதிகள் பிப்ரவரி 29ஆம் தேதி வரை தளர்த்தப்படவில்லை. நோய் பரவிய அந்த வாரங்களில் நாடு கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தது. அரசாங்கம் செய்யாமல் விட்டதால் வந்த கேடு ஹாம்பர்க்கில் என்றால், மற்றவரையும் செய்யவிடாமல் தடுத்ததால் வந்த கேடு இது.

தைவான் இரண்டு பாடங்களையும் சேர்த்துக் கற்றதுபோல் நடந்துகொண்டது. 2020 ஜனவரி இறுதியில் முகக்கவரி ஏற்றுமதியைத் தடுத்தது. பிப்ரவரி 6ஆம் தேதி முதல் சுகாதாரக் காப்புறுதி அட்டையைக் காட்டி, குறைந்த விலையில், அளவோடு வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. இது முழுக்க முழுக்கப் பங்கீட்டு முறை. ஆனால் அதோடு நிற்கவில்லை. அரசாங்கம் தன் செலவில் 60 உற்பத்தி இயந்திர வரிசைகளை அமைக்கச் செய்து தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. தயாரிப்பதை வாங்கிக்கொள்வதாக உறுதியும் தந்தது. எந்த மருந்தகத்தில் எத்தனை முகக்கவரி இருக்கிறது என்ற விவரத்தை உடனுக்குடன் பொதுவில் வைத்தது. தன்னார்வலர்கள் அதை வைத்துக் கைப்பேசி வரைபடங்கள் செய்தார்கள். விலை சொல்லவேண்டிய செய்தியை வேறு வழியில் சொல்ல வைத்தார்கள் எனலாம். நாளொன்றுக்கு 20 லட்சத்துக்கும் குறைவாக இருந்த உற்பத்தி, மார்ச் மாதத்திலேயே ஒரு கோடியை எட்டியது.

கதவை அடைத்தது அரசாங்கமா, அச்சமா?

ஊரடங்கு பொருளாதாரத்தைச் சாய்த்துவிட்டது என்பது சந்தை ஆதரவாளர்களின் முதன்மைக் குற்றச்சாட்டு. 2020ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் மலேசியப் பொருளாதாரம் 17.1 விழுக்காடு சுருங்கியது. அது சாதாரண அடியன்று.

ஆனால் அடித்தது யார்? சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்கர்களின் கைப்பேசி நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கடைகளுக்குப் போவோர் எண்ணிக்கை 60 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்திருந்தது. அதில் சட்டக் கட்டுப்பாடு காரணமாகக் குறைந்தது 7 புள்ளிகளே. மற்றவர்கள் பயத்தால் தாமாகவே வீட்டில் இருந்தார்கள்.

இந்த ஆய்வு இரு பக்கமும் வெட்டும் கத்தி. மக்கள் தாமாகவே கவனமாக இருப்பார்களென்றால் ஊரடங்கு எதற்கு என்று ஒரு தரப்பு கேட்கலாம். ஊரடங்கால்தான் பொருளாதாரம் விழுந்தது என்பது பொய்யாகிவிட்டதே என்று மறு தரப்பு கேட்கலாம்.

1918ஆம் ஆண்டு இன்ஃபுளுவென்சாவைப் பற்றியும் இதே சர்ச்சை. முன்கூட்டியே கட்டுப்பாடு விதித்த அமெரிக்க நகரங்கள் பொருளாதாரத்தில் பின்தங்கவில்லை என்று 2020இல் மூன்று அறிஞர்கள் எழுதினார்கள். அந்த நகரங்கள் நோய்க்கு முன்பே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தவை என்று வேறு சிலர் மறுத்தார்கள்.

சுவீடனும் அப்படியே இரு தரப்பாருக்கும் சான்றாகிப் போனது. கடுமையான ஊரடங்கைத் தவிர்த்த அந்நாட்டில், 2020இல் மக்கள் தொகைக்கேற்ற மரண விகிதம் நார்வே, பின்லாந்தைவிடப் பல மடங்கு அதிகம். முதியோர் இல்லங்களைக் காக்கத் தவறிவிட்டதாக அரசாங்கம் அமைத்த ஆணையமே கண்டித்தது. ஆனால் 2020 முதல் 2022 வரையிலான மொத்தக் கணக்கில் வழக்கத்துக்கு மேற்பட்ட மரணங்கள் ஐரோப்பாவிலேயே குறைவாக இருந்த நாடுகளில் சுவீடனும் ஒன்று. முழு ஊரடங்கைத் தவிர்த்தது பொதுவாகச் சரியே, ஆயினும் தொடக்கத்தில் இன்னும் வலுவான நடவடிக்கை தேவைப்பட்டது என்று 2022இல் அதே ஆணையம் முடிவுரை எழுதியது.

2020 அக்டோபரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சந்தைக் கொள்கை சார்ந்த ஓர் ஆய்வுக் கழகத்தில் கூடிய மூன்று பேராசிரியர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். முதியோரையும் பலவீனமானவர்களையும் மட்டும் பாதுகாப்போம், மற்றவர்கள் வழக்கம்போல் வாழட்டும் என்பது அதன் சாரம். சில நாள்களிலேயே வேறு விஞ்ஞானிகள் எதிர் அறிக்கை விட்டார்கள். ஒரே கூரையின்கீழ் தாத்தா, பாட்டி, மகன், பேரன் என்று வாழும் குடும்பங்களில் யாரை எங்கே பிரித்து வைப்பது? ஆசியக் குடும்பங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு அந்தப் பிரகடனத்தில் தெளிவான விடை இல்லை.

மலிவுக் கூலியின் உண்மை விலை

2020 ஏப்ரலில் சிங்கப்பூரின் வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில் கிருமித்தொற்று காட்டுத்தீயாய்ப் பரவியது. அவ்விடுதிகளில் இருந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். வங்காளதேசத்தினர், தமிழகத்தினர் அவர்களில் ஏராளம். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான விவரப்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள்.

ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு கட்டில்களுக்கு மேல் போட்டால் ஆளுக்கு ஆகும் வாடகை குறையும். கட்டுமானச் செலவு குறையும். வீட்டு விலையும் குறையும். முதலாளிக்கும் இலாபம், வாங்குபவருக்கும் இலாபம். ஆனால் நோய் வந்தபோது அந்த அறையின் உண்மை விலை வெளிவந்தது. கட்டுமானத் தளங்கள் மாதக்கணக்கில் முடங்கின. பரிசோதனை, சிகிச்சை, உணவு எல்லாம் பொதுப்பணத்திலிருந்து வந்தன. மாதக்கணக்கில் அறைக்குள் அடைபட்டுக் கிடந்த தொழிலாளியின் மனவேதனைக்கு விலை போட யாராலும் முடியவில்லை. 2021இல் புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்ற விதி அறிவிக்கப்பட்டது. மலேசியாவிலும், ஒரு காலத்தில் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் மட்டும் பொருந்திய தொழிலாளர் வீடமைப்புச் சட்டம் விரிவாக்கப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களுக்கும் நடப்புக்கு வந்தது.

1918இல் லயன் வீடு. 2020இல் தங்கும் விடுதி. நூறாண்டு இடைவெளியிலும் கிருமி தேடிப் போன முகவரி மாறவில்லை.

யார் பணம்?

கட்டுப்பாடு விதித்த அரசாங்கம் நிவாரணமும் கொடுத்தாக வேண்டும். சிங்கப்பூர் ஏறக்குறைய 100 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளியை ஒதுக்கியது. முன்னைய தலைமுறைகள் சேர்த்துவைத்த இருப்பில் கைவைத்தது. மலேசியா 2020 மார்ச் 27ஆம் தேதி 250 பில்லியன் வெள்ளித் திட்டத்தை அறிவித்தது. அதன் பெரும்பகுதி வங்கிக் கடன் ஒத்திவைப்பு, கடன் உத்தரவாதம், சேமநிதியிலிருந்து எடுக்கும் அனுமதி ஆகியவை.

சேமநிதி விஷயத்தில்தான் பலரின் மனம் இன்றும் கனக்கிறது. உங்கள் பணம், உங்கள் தேவை, நீங்களே முடிவு செய்யுங்கள் என்பது கேட்க இனிமையானது. சந்தைக் கொள்கைக்கும் உகந்தது. நான்கு கட்டங்களாக ஊழியர் சேமநிதி வாரியத்திலிருந்து எடுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 145 பில்லியன் வெள்ளி. அன்று அடுப்பெரிந்தது உண்மை. ஆனால் கட்டுப்பாட்டுக்கான செலவைத் தன் முதுமையிலிருந்து எடுத்துக் கட்டியவர் யார்? சம்பளம் நிற்காத அதிகாரி அல்லர். நாள்கூலி நின்றுபோன தொழிலாளிதான்.

2021 ஜூன், ஜூலையில் மலேசிய வீட்டு வாசல்களில் வெள்ளைக் கொடிகள் பறந்தன. உணவில்லை, உதவுங்கள் என்பதற்கு அடையாளம். அக்கம்பக்கத்தார் அரிசியும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அது அரசாங்கமும் செய்யாதது, சந்தையும் செய்யாதது. மனிதர் செய்தது.

தடுப்பூசி விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் கைகோத்தன. ஆராய்ச்சியும் உற்பத்தியும் தனியார் கையில். முன்கூட்டிக் கொள்முதல் உறுதி அரசாங்கத்தின் கையில். 2020 ஜூலையில் அமெரிக்க அரசாங்கம், இன்னும் வெற்றி உறுதியாகாத ஒரு தடுப்பூசியின் 10 கோடி முறைகளுக்கு 1.95 பில்லியன் டாலர் தருவதாக ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஊசி போடும் பணி தொடங்கியது. ஆனால் விற்பனை வரிசையில் பணக்கார நாடுகள் முன்னே நின்றன. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்தும்படி இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. ஓரளவு தளர்வு கிடைத்தது 2022 ஜூனில்!

வழக்கின் தீர்ப்பு

பட்டிமன்றம்போல் ஒரு பக்கத்துக்கு மணியடித்து முடிக்கும் வழக்கன்று இது. ஆயினும் வரலாறு சிலவற்றைத் தெளிவாகவே சொல்கிறது.

பொருளை உண்டாக்குவதில் சந்தையை மிஞ்ச ஆளில்லை. விலையை அழுத்திப் பிடித்தால் பொருள் மறையும். நோய் பரவாமல் தடுப்பது சந்தையால் ஆகாதது. அதைச் செய்யத் தயங்கும் அரசாங்கம் ஹாம்பர்க்கின் விலையைக் கொடுக்கும். காசில்லாதவரின் தேவையைச் சந்தை கேட்காது. அதைக் கேட்கவே அரசாங்கம் இருக்கிறது. அரசாங்கத்துக்கும் எல்லாம் தெரியாது. தெரிந்தவர்களைச் செய்யவிடுவதும் அதன் கடமையே.

முகக்கவரி 80 காசா, 2 வெள்ளியா என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் மறந்த ஒன்று உண்டு. விலையை ஏறவிட்டுவிட்டு, வாங்க முடியாதவருக்குக் கையில் பணமோ முகக்கவரியோ கொடுத்திருக்கலாம். உற்பத்தியும் பெருகியிருக்கும், ஏழையும் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார். ஃபிரீட்மனே 1962இல், ஏழைகளுக்குப் பொருளின் விலையைக் குறைத்துக் கொடுப்பதைவிட நேரடியாகப் பணம் கொடுப்பது மேல் என்று எழுதியிருந்தார்.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னார்கள் முன்னோர். அடுத்த பெருந்தொற்று எந்த ஆண்டில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வந்தால் அது முதலில் தட்டப்போகும் கதவு எது என்பது மட்டும் 1892இலும், 1918இலும், 2020இலும் தெரிந்துவிட்டது. அந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை கட்டில்கள் இருக்கின்றன என்று இன்றே எண்ணிப் பார்க்கும் வேலையைச் சந்தை செய்யப் போகிறதா, அரசாங்கம் செய்யப் போகிறதா?